சிவப்புப் பொத்தானுக்கு ஆறு சொற்கள்

சொல் பொறுக்கிகள் என்றொரு இனம் உண்டு. வேறு அர்த்தம் எடுக்காதீர்கள். அகராதியிலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி, முகர்ந்து பார்த்து, மனசு ஒப்பாமல் திரும்பப் போடுகிறவர்களைச் சொல்கிறேன்.

டச்சு நாட்டுக் காகித ஆலை ஒன்றில் வேலை பார்த்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அந்த இனத்தில் முதல் தரம். புது இயந்திரத்தோடு வந்த ஆங்கிலப் பாதுகாப்புக் கையேட்டை அவர் டச்சு மொழிக்குக் கொண்டுவர வேண்டும். நாற்பது பக்கம், மூன்று வாரம் என்றார் மேலாளர். பதினோராம் மாதத்தில் நம்மவர் தலைப்பிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அவரைக் குறை சொல்ல முடியுமா? ஆங்கிலக்காரன் சேஃப்டி என்று ஒன்று வைத்திருக்கிறான், செக்யூரிட்டி என்று இன்னொன்று. டச்சுக்காரனோ, நம்மைப் போலவே, இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறான். அந்த நிம்மதிதான் இவருக்குப் பொறுக்கவில்லை. இயந்திரத்திடமிருந்து ஆளைக் காப்பதா, ஆளிடமிருந்து இயந்திரத்தைக் காப்பதா? தெளிவு வேண்டாமா?

வீட்டிலும் இதே கதைதான்.

"குளியலறைத் தரை ஈரமா இருக்கு, பாத்துப் போங்க" என்றாள் மனைவி.

"ஈரமா, வழுக்கலா? ரெண்டும் வேற வேற எச்சரிக்கை" என்று திரும்பியவர், மறுநொடி தரையில் கிடந்தார்.

"இப்ப விழுந்தீங்களா, சறுக்கினீங்களா?" என்று அவள் அக்கறையாக விசாரித்தாள்.

தப்பான சொல்லைவிடச் சொல்லே இல்லாமலிருப்பது மேல் என்பது அவர் கொள்கை. ஆகவே இயந்திரத்திலிருந்த ஆங்கிலப் பெயர்ச் சீட்டுகளை அவரே உரித்தெடுத்திருந்தார். நான்கு பொத்தான்கள் பேரில்லாமல் நின்றன. அவசரத்துக்கு இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானுக்கு மட்டும் அவர் குறிப்பேட்டில் ஆறு சொற்கள் காத்திருந்தன.

ஒருநாள் காலை, பொருளை நேரில் பார்த்தால் சொல் பிடிபடும் என்று ஆலைக்குள் போனார். அவர் அந்தப் பொத்தானை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இயந்திரம் ஓட்டும் பெண்ணின் சட்டைக் கை உருளைகளுக்கிடையில் மாட்டிக்கொண்டது.

"சார், மெஷின நிறுத்துங்க!"

பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில். அவர் குறிப்பேட்டைத் திறந்தார்.

"நிறுத்தறது வேற, கரண்ட்டைத் துண்டிக்கறது வேற. நீங்க கேக்கறது..."

"கை போகுதுய்யா!"

எங்கிருந்தோ ஓடிவந்த துப்புரவுத் தொழிலாளி துடைப்பக் கட்டையால் சிவப்புப் பொத்தானை ஓங்கி ஒரு குத்து விட்டார். உருளைகள் நின்றன. முழங்கை வரை சட்டை போயிற்று. கை பிழைத்தது.

"இதுதான்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார் மொழிபெயர்ப்பாளர்.

"செவப்பா இருந்துச்சு."

விசாரணை நடந்தது. நடந்தது விபத்தா, விபத்தாகியிருக்கக்கூடியதா என்று முடிவு செய்ய அவர் இரண்டு மாத அவகாசம் கேட்டார். அதற்குள் அந்தப் பெண்ணே ஒரு டப்பா பெயின்டை எடுத்து, சிவப்புப் பொத்தானுக்கு மேல் "ஆபத்துன்னா இத அமுக்கு" என்று கொச்சை டச்சில் எழுதிவிட்டாள்.

அவர் பேனாவோடு ஓடிவந்தார். "எழுத்துப் பிழை இருக்கே!"

"இருக்கட்டும் சார். எழுதக் கை இருந்துச்சு, எழுதினேன்."

அவர் அவள் கையைப் பார்த்தார். முழங்கை வரை சிராய்ப்பு. பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு, தலை குனிந்து வெளியே போனார். அவர் திருத்தாமல் விட்ட முதல் வாக்கியம் அதுதான்.

இந்த இனம் ஆலைகளில் மட்டும்தான் இருக்கிறதா? அவள் சட்டை மாட்டியபோது, உருளை சரியா, உருளி சரியா என்று நீங்களும் ஒரு கணம் யோசித்தீர்களா? அப்படியானால் மன்னியுங்கள், ஓடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் உங்களை நிறுத்த எனக்குத் தைரியமில்லை.