மின்சாரம் போகாத வியாழக்கிழமை

சிலருக்குத் துன்பம் வந்தால் கவலை வரும். எனக்குத் துன்பம் வராவிட்டால்தான் கவலை வரும். எங்கேயோ தாமதமாகிக்கொண்டிருக்கிறது, சேர்த்து வைத்து மொத்தமாக வரப்போகிறது என்று தோன்றும். குழந்தை தூக்கத்தில் அழுதால் ஏன் அழுகிறாள் என்று எழுந்து பார்ப்பேன். அழாவிட்டால் ஏன் அழவில்லை என்று எழுந்து பார்ப்பேன். (மூக்கடியில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பதில் அவள் விழித்துக்கொண்டு அழுவாள். அப்பாடா என்று படுத்துவிடுவேன்.) இப்படிப்பட்டவள் இருக்கிற வீட்டில் பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டியது என் கணவர் செந்தில் செய்த தப்பு. மற்ற தப்பெல்லாம் நான் செய்தவை.

நாங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். செந்திலுக்கு ஆகுர்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை என்பதால் புனே வந்து, ஔந்தில் ஒரு வரிசை வீட்டில் குடியிருக்கிறோம். இந்த ஊரில் வியாழக்கிழமை என்றால் மின்சாரத்தை நம்பக்கூடாது. கம்பி இழுப்பது, மரக்கிளை வெட்டுவது எல்லாம் அன்றைக்குத்தான். எல்லா வியாழனும் போகாது. ஆனால் நாம் மாவாட்டப் போகிற வியாழன் கட்டாயம் போகும்.

அதனால் மொட்டை மாடியில் ஆறு சோலார் பேனல்களும், மாடிப்படிக்குக் கீழே வெள்ளையாக ஒரு பேட்டரியும் வந்து சேர்ந்தன. வெயில் பேட்டரியை நிரப்பும். தெருவில் மின்சாரம் போனால் பேட்டரி வீட்டைப் பார்த்துக்கொள்ளும். விளக்கு சிமிட்டக்கூடச் சிமிட்டாது என்றார்கள். எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று பார்க்க மொபைலில் ஒரு ஆப்பும் உண்டு. முதல் வாரம் அதை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. சாம்பாரைக் கிளறிவிட்டு ஒரு பார்வை, குழந்தை இனியாவுக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டு ஒரு பார்வை.

"ஏங்க, தொண்ணூத்தாறுல இருந்து தொண்ணூத்தஞ்சுக்கு வந்துருச்சுங்க."

"கவி, இது பேட்டரி. ஐசியூல படுத்திருக்கற பேஷன்ட் இல்ல," என்று சொல்லி, செந்தில் என் மொபைலிலிருந்து அந்த ஆப்பை எடுத்துவிட்டார். அன்றிலிருந்து பேட்டரியின் உடல்நிலை அவருக்கு மட்டுமே தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஒரு இன்டர்வியூ வந்தது. திருமணத்துக்கு முன்பிருந்தே நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே தப்பு வரும் என்று கண்டுபிடிப்பது தொழில். (கவலைப்படுவதற்குச் சம்பளம் தருகிற ஒரே வேலை.) இனியா பிறந்ததும் விட்டுவிட்டேன். இப்போது அவளுக்கு இரண்டரை வயது. அவளை எங்கும் விடாமல் வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி ஒரு வேலை கிடைக்காதா என்று நாலைந்து மாதம் தேடி, கடைசியில் ஒரு சென்னைக் கம்பெனி கூப்பிட்டிருந்தது. அவர்கள் போட்டிருந்த முதல் நிபந்தனையே, வீட்டில் தடையில்லாத மின்சாரமும் இணையமும் இருக்க வேண்டும் என்பதுதான். இன்டர்வியூ வியாழக்கிழமை, காலை பதினோரு மணிக்கு.

வியாழக்கிழமை. பேட்டரி வந்த பிறகு எங்கள் தெருவில் ஒரு தடவைகூட மின்சாரம் போகவில்லை. அது வேலை செய்கிறதா என்று நிஜமாகவே யாருக்கும் தெரியாது. டெஸ்ட் செய்யாத ஒன்றை நம்பி ஒரு டெஸ்டர் இன்டர்வியூவில் உட்காரலாமா? புதன்கிழமை சாயங்காலம் வாசல் பக்கம் போய் மெயின் ஸ்விட்சை அணைத்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஃபேன் சுற்றியது. ஃபிரிட்ஜ் முனகியது. ஒன்றும் நடக்காததுதான் வெற்றி என்பதால் எனக்கு அப்படியொரு பூரிப்பு. அதற்குள் இனியா பாத்ரூமில் ஷாம்பூ பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு, "அம்மா, நுரை" என்று கூப்பிட்டாள். ஓடினேன். நுரையைக் கழுவி, அவளைக் கழுவி, என்னைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால் வீடு வெளிச்சமாக இருந்தது. வெளிச்சமாக இருக்கிற வீட்டில் மெயின் ஸ்விட்ச் அணைந்திருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்?

பக்கத்து வீட்டு காக்கூவிடம் சுவரைத் தாண்டிப் பெருமையடித்துவிட்டு வந்தேன். (இங்கே வயதில் பெரிய பெண்களுக்கெல்லாம் காக்கூதான்.) "நாளைக்கு கரண்ட் போச்சுன்னா கவலைப்படாதீங்க காக்கூ, எங்க வீட்டுக்கு வந்துருங்க," என்று என் ஓட்டை இந்தியில் அழைப்பும் விடுத்தேன்.

மறுநாள் காலையில் வாஷிங் மெஷின் ஓடவில்லை. பேட்டரி இணைப்பில் சேராதது அது ஒன்றுதான். மெஷின் கெட்டுவிட்டது என்று, ஃபேக்டரிக்குப் போய்விட்ட செந்திலுக்கு மெசேஜ் போட்டேன். கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ 'கீக் கீக்' என்று சத்தம். இனியாவின் பொம்மை வாத்துதான் கத்துகிறது என்று அதன் செல்லைக் கழற்றினேன். சத்தம் நிற்கவில்லை. வாத்தை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பேட்டரி உயிருக்குப் போராடுகிற சத்தம் அது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

இதற்கிடையில் இன்னொரு காரியமும் செய்திருந்தேன். முந்தின நாள் ஊற வைத்து அரைத்த மாவு இருந்தது. வடகம் போடாவிட்டால் புளித்துவிடும். எனக்கும் பதினோரு மணிவரை கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. கூழ் கிண்டி மாடிக்குக் கொண்டுபோனேன். மாடியில் வெயில் விழுகிற இடமெல்லாம் பேனல். பேனல் இல்லாத இடமெல்லாம் நிழல். யோசித்தேன். படித்தவள் இல்லையா, கணக்குப் போட்டேன். ஆறு பேனலில் இரண்டை எடுத்துக்கொண்டால் மீதி நாலு இருக்கிறது. செந்திலின் பழைய வேட்டியை நனைத்து இரண்டு பேனல் மேல் இழுத்துக் கட்டி, வரிசை வரிசையாக வடகம் பிழிந்துவிட்டு இறங்கினேன்.

பதினோரு மணி. லேப்டாப் பழசு, பிளக்கில் செருகியிருந்தால்தான் உயிரோடு இருக்கும். திரையில் ஒரு பெரியவரும் ஒரு பெண்மணியும் வந்தார்கள். பெண்மணி என் பெயரைப் பார்த்துவிட்டு, "தமிழா? அப்போ தமிழ்லயே பேசலாம்," என்றார். பாதி பயம் போய்விட்டது. கேட்டதற்கெல்லாம் கோர்வையாகப் பதில் வந்தது. என்னையே எனக்குப் பிடித்துப்போனது.

"வீட்டுலருந்து வேலைன்னா பவர் கட் பிரச்சினை இருக்குமே, எப்படிச் சமாளிப்பீங்க?" என்றார் அந்தப் பெண்மணி.

இதற்காகத்தானே காத்திருந்தேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். "மேடம், அந்தக் கவலையே வேண்டாம். எங்க வீட்டுல சோலார், பேட்டரி ரெண்டும் இருக்கு. தெருவுல கரண்ட் போனாக்கூட எங்க வீட்டுல போகவே போ—"

போனது. திரை கறுத்து, அதில் வாய் பிளந்த என் முகம் தெரிந்தது.

ஜன்னலுக்கு ஓடினேன். தெரு முழுக்க மின்சாரம் போயிருக்கும் என்று நினைத்தேன். காக்கூ வீட்டு மிக்ஸி ஆனந்தமாக ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டில் டிவி பாடியது. புனேயில் மின்சாரம் போகாத அந்த வியாழக்கிழமையில், தெருவிலேயே சோலார் வைத்திருந்த ஒரே வீடு இருட்டாக நின்றது.

என்ன ஆயிற்று என்று பார்க்க நேரமில்லை. அழைப்புக் கடிதத்தில் இருந்த எண்ணுக்கு மொபைலில் கூப்பிட்டு, "ஒரு நிமிஷம் மேடம், பக்கத்து வீட்டுல இருந்து பேசறேன்," என்று சொல்லிவிட்டு, ஒரு கையில் லேப்டாப், இடுப்பில் இனியா, தோளில் சார்ஜர் ஒயர் தொங்க ஓடினேன்.

காக்கூ கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "அக, காய் ஜாலா?" (என்னடி ஆச்சு என்று மராத்தியில்.)

"கரண்ட் போச்சு காக்கூ."

"எங்க போச்சு? இங்க இருக்கே." பிறகு மெதுவாகச் சிரித்தார். "கரண்ட் போனா நான்தானே உன் வீட்டுக்கு வரணும்?"

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து, அவர்கள் வீட்டு வைஃபையில் மறுபடி சேர்ந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே மன்னிப்புக் கேட்டேன். காக்கூ ஒரு தட்டில் போஹாவை, அதாவது அவல் உப்புமாவைக் கொண்டுவந்து கேமராவுக்கு முன்னால் வைத்தார். அப்படியே குனிந்து திரையைப் பார்த்து, "ரொம்ப நல்ல பொண்ணு. கொஞ்சம் பயப்படுவா, அவ்வளவுதான்," என்று இந்தியில் சிபாரிசும் செய்துவிட்டுப் போனார்.

"நீங்க டெஸ்டர்தானே?" என்றார் அந்தப் பெரியவர். குரலில் கொஞ்சம் கிண்டல் இருந்தது. "பேக்கப் ஏன் வேலை செய்யலைன்னு ஒரு காரணம் சொல்லுங்க பார்ப்போம்."

நான் வாயைத் திறப்பதற்குள் மொபைல் அடித்தது. அது இனியா கையில் இருந்தது. அவள் எதை அழுத்தினாளோ, செந்தில் குரல் ஸ்பீக்கரில் வீடு முழுக்கக் கேட்டது.

"கவி, மீட்டிங் முடிஞ்சு இப்பத்தான் ஆப்பைப் பாக்கறேன். பேட்டரி ஜீரோ. நேத்து சாயங்காலத்துலருந்து வெளி கரண்டே வரலைன்னு காட்டுது. மெயினை அணைச்சியா?"

திரையில் இரண்டு முகங்களும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தன.

"அது போகட்டும். இந்த வெயில்ல பேனலும் ஜீரோ காட்டுதே. மேல என்னத்தைப் போட்டு வெச்சிருக்கே?"

"வடகம்," என்றேன் தரையைப் பார்த்து.

அந்தப் பெண்மணி கேட்டார்: "கூழ் வடகமா, ஜவ்வரிசியா?"

"கூழ் வடகம், மேடம்."

"சார் கேட்ட காரணம் கிடைச்சிருச்சு," என்று அவர் சிரிக்க ஆரம்பித்தார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "என்ன செந்தில், என்ன சிரிப்பு அங்க?" என்று ஃபேக்டரியில் யாரோ கேட்டதும் ஸ்பீக்கரில் வந்தது.

(ஆறு பேனலும் ஒரே சரமாகக் கோத்தவையாம். இரண்டை மூடினால் மீதி நாலுக்கு இன்வெர்ட்டரை எழுப்புகிற தெம்பு இருக்காதாம். அன்று மாலை செந்தில் படம் போட்டு விளக்கினார். வடகம் மட்டும் நன்றாகக் காய்ந்திருந்தது.)

வேலை கிடைக்காது என்று அன்றே அழுது முடித்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. வேலை கொடுத்திருந்தார்கள். தப்பை மறைக்காமல் சொன்னது பிடித்திருந்ததாம். ஆனால் என் வீட்டு மின்சார நிலவரத்தை உத்தேசித்து, புனேயிலேயே இருக்கிற அவர்களுடைய சின்ன அலுவலகத்துக்குத் தினமும் வந்து வேலை செய்ய வேண்டும் என்று அடியில் ஒரு வரி.

இனியாவை எங்கும் விடக்கூடாது என்றுதான் வீட்டிலிருந்து செய்யும் வேலை தேடினேன். இப்போது அவள் பாள்ணாகர் போகிறாள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு இங்கே அப்படித்தான் பெயர். முதல் நாள் விட்டுவிட்டு வாசலிலேயே நின்று அழுதது நான்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாலையில் கூட்டிவரப் போனபோது அங்கிருந்த டீச்சர் ஒரு சந்தேகம் கேட்டார். சாப்பாட்டைத் தட்டில் போட்டதும் உங்கள் மகள் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போகிறாள், போகும்போது தமிழில் என்னவோ சொல்கிறாள், அதற்கு என்ன அர்த்தம் என்றார்.

என்ன சொல்கிறாள் என்று இனியாவையே கேட்டேன். அவள் காலித் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மூச்சு வாங்குவதுபோல் நடித்துக் காட்டினாள்.

"ஒரு நிமிஷம் மேடம், பக்கத்து வீட்டுல இருந்து பேசறேன்."

இப்போது எங்கள் வீட்டில் யாருக்கு எந்தக் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டாலும் இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவது வழக்கம். போன வாரம் செந்திலின் அப்பா கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டு, இரண்டாவது குழந்தையைப் பற்றி என்ன யோசித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். செந்தில் சொன்ன பதில் அதுதான்.