அரக்கு முத்திரை வைத்த பல்

மதிப்பும் மரியாதையும், நடுநடுவே கொஞ்சம் மனத்தாங்கலும் உரித்தாகட்டும் மச்சான் அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் தங்கையும் மகளும் சௌக்கியம். அங்கே நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும். முக்கியமாக எல்லோருடைய பல்லும் இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மகளின் கல்யாணத்தைப் பேசி முடிக்கப் பையனின் அப்பா அம்மா வருகிறார்கள் அல்லவா? "பல்செட்டைத் தொலைச்சிட்டு நீங்க என்னத்தைப் பேசுவீங்க மாப்பிள்ளை? நான் வந்து முன்னால உட்கார்ந்து பேசிக்கிறேன், நீங்க பின்னால இருந்து தலையை ஆட்டுங்க" என்று போனில் சொன்னீர்களே, அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம். பல் கிடைத்துவிட்டது. பெற்ற மகளுக்கு அப்பன் நானே பேசப்போகிறேன். போனில் சொன்னால் நடுவில் புகுந்துவிடுவீர்கள் என்பதால்தான் கடிதம்.

நடந்ததைச் சொல்கிறேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எனக்கு நல்லது ஏதாவது நடந்தால் உடனே தும்மல் வரும். வந்தது. பல்செட் மேலும் கீழுமாகக் கிளம்பி ஜன்னல் வழியாக இறங்கிக்கொண்டது. "நிறுத்துப்பா!" என்று கத்தினேன். பொக்கை வாயில் அது என்னவாக வந்ததோ, டிரைவர் வேகத்தைக் கூட்டினார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து பார்த்தால், அதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் அதைப் பொறுக்கிப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டான். ரோட்டிலேயே விட்டிருந்தால் கழுவி மாட்டிக்கொண்டு வந்திருப்பேன். நாட்டில் யோக்கியர்கள் பெருகிவிட்டார்கள் மச்சான், ஒரு பொருளை நிம்மதியாகத் தொலைக்க முடியவில்லை.

ஸ்டேஷனில் ஏட்டு ஒருவர் இருந்தார். தங்கமான மனுஷன். என் பல்லைக் காகித உறையில் போட்டு, அரக்கால் முத்திரை வைத்து, பீரோவில் பூட்டி வைத்திருந்தார்.

"உங்களோடதுன்னு என்ன அடையாளம்?"

"சிரிச்சா தெரியும்யா."

"எங்க, சிரிங்க."

சிரித்தேன்.

"பல்லே இல்லையே!"

"அதான்யா அடையாளம்!"

அவர் மசியவில்லை. "போன மாசம் ஒருத்தன் 'இது என் குடை'ன்னான், தூக்கிக் கொடுத்தோம். மறுநாள் நிஜ குடைக்காரன் வந்து நின்னு மானத்தை வாங்கிட்டான். அதிலேருந்து இன்ஸ்பெக்டர் ஐயா உத்தரவு. எந்தப் பொருளா இருந்தாலும் அதே மாதிரி இன்னும் நாலோட கலந்து வைப்போம். சாட்சிங்க முன்னால நீங்களா பார்த்து எடுக்கணும். போட்டுப் பார்க்கக் கூடாது. குடை யார் பிடிச்சாலும் பொருந்தத்தான் செய்யும்."

குடைக்கு நாலு குடை கிடைக்கும், பல்லுக்கு எங்கே போவது? ஏட்டு அதற்கும் சளைக்கவில்லை. தன் மாமனாரைக் கெஞ்சி ஒன்று வாங்கி வந்தார். எதிரே டீக்கடைக்காரரிடம் ஒன்று, பக்கத்துத் தெரு வாத்தியாரிடம் ஒன்று. பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது என்று புகார் கொடுக்க வந்தவர் வாயிலிருந்தே ஒன்று. எல்லாவற்றையும் டீக்கடைத் தட்டில் வரிசையாக வைத்தார். டீக்கடைக்காரரும் நாய்ப் புகார்க்காரரும்தான் சாட்சிகள். அந்த அறையில் பல்லோடு இருந்த ஒரே ஆள் ஏட்டு, அதனால் எல்லோருக்கும் சேர்த்து அவரே பேசினார்.

என் பல்லை நான் என்றைக்கு உட்கார்ந்து பார்த்தேன்? பார்த்ததெல்லாம் உங்கள் தங்கைதான், அதுவும் நான் கொட்டாவி விடும்போது. ஆனாலும் சொந்தப் பொருள் சொந்தப் பொருள்தானே! தட்டில் மூன்றாவதாக இருந்தது என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தது. டக்கென்று காட்டிவிட்டேன்.

"நிச்சயமா?"

"நிச்சயம்."

"மத்த நாலும் உங்களோடது இல்லையே?"

"சத்தியமா இல்லை!"

அதையும் எழுதி வாங்கிக் கையெழுத்து, சாட்சிக் கையெழுத்து எல்லாம் முடிந்தது. மற்றவர்கள் அவரவர் பல்லை மாட்டிக்கொண்டு போனார்கள். மிஞ்சியதை ஏட்டு கைக்குட்டையில் முடிந்து மாமனாருக்கு எடுத்துப்போனார். எனக்குக் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. "பீரோவுக்குள்ள கிடந்தது, அப்படித்தான் இருக்கும்" என்றார். இப்போது என் பேச்சு கணீரென்று இருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். "வேற யாரோ பேசற மாதிரி இருக்கு" என்று உங்கள் தங்கையே பாராட்டினாள்.

ஆகையால் நீங்கள் அலைய வேண்டாம். எல்லாம் முடிந்தபின் விவரமாக எழுதுகிறேன். நீங்களும் உங்கள் குடும்பத்தாரும் கடிக்க நினைத்ததையெல்லாம் கடித்து நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
பல்லும் சொல்லும் திரும்பப் பெற்ற,
உங்கள் தங்கையின் கணவன்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ஏட்டு வந்துவிட்டார். யூனிபாரம் இல்லை, முகத்தில் மருமகன்களுக்கே உரிய கலவரம். மாமனார் சாப்பாட்டைத் தொடவில்லையாம், "என் வாயில எவனோ குடியிருக்கான்" என்று ஒரே சத்தமாம். என்னை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "இதேதான்! என் கல்யாணத்துல பார்த்த அதே சிரிப்பு!" என்று கழற்றி வாங்கிக்கொண்டார். சரி, என்னுடையதைக் கொடுங்கள் என்றேன். "எப்படிங்க கொடுக்கறது? அது உங்களோடது இல்லைன்னு நீங்களே சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே! திரும்ப அரக்கு வச்சாச்சு. இனி கோர்ட்டுல மனு போட்டுத்தான் வாங்கணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள நடக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் மேலே எழுதியதை மறந்துவிட்டு உடனே புறப்பட்டு வந்து நீங்களே பேசுங்கள் என்று எழுதப்போனேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெறும் காத்து வந்தாலும் பரவாயில்லப்பா, எனக்கு நீங்கதான் பேசணும்" என்று சொல்லிவிட்டாள். எனவே வாருங்கள் மச்சான், என் பக்கத்திலேயே உட்காருங்கள். நான் சொல்வது அவர்களுக்குப் புரியாவிட்டால் நீங்கள் திருப்பிச் சொன்னால் போதும். சொந்தச் சரக்கு எதையும் சேர்க்க வேண்டாம்.