பச்சை மையில் ஒரு 'பேசவும்'

எந்த முடிவும் எடுக்காமல் முப்பது வருடம் அரசாங்க வேலை பார்க்க முடியும் என்று நிரூபித்து, அதையே பிறகு பல்கலைக்கழகத்தில் பாடமாகவும் நடத்தியவர் உலகத்திலேயே எங்கள் 'பேசவும்' சார் ஒருவர்தான்.

சென்னைத் தலைமைச் செயலகத்தில் கொள்கை வகுத்து ஓய்வுபெற்றவர், மதுரையில் எங்கள் பொதுக்கொள்கைத் துறைக்குத் தலைவராக வந்தார். செயலகத்தில் ஒரு வழக்கம் உண்டாம். கோப்பில் கையெழுத்துப் போடவும் பயம், மறுக்கவும் பயம் என்றால், ஓரத்தில் பச்சை மையில் 'பேசவும்' என்று எழுதித் திருப்பிவிடலாம். சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து பேசும்வரை கோப்பு நகராது. அவர் வரும்போது அதிகாரி கூட்டத்தில் இருப்பார்.

அந்தப் பச்சைப் பேனாவோடுதான் சார் மதுரைக்கு ரயில் ஏறியிருக்கிறார். விடுப்புக் கடிதத்தில் 'பேசவும்'. விடைத்தாளில் நான்காம் கேள்விக்கு மதிப்பெண் போடும் இடத்தில் 'பேசவும்'. துறை கிளார்க் ஜோசப் அண்ணன் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை நீட்டியபோது, கை பழக்கத்தில் அதிலும் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நான் அனுமதி கேக்கல சார். சாப்பிட வாங்கன்னுதான் சொல்றேன்" என்றார் ஜோசப் அண்ணன்.

கேன்டீனில் வடையா பஜ்ஜியா என்று கேட்டால் "பேசிக்கலாம்" என்பார். அதற்குள் இரண்டும் தீர்ந்துவிடும். தன் சர்வீஸில் ஒரு தப்பான முடிவுகூட எடுத்ததில்லை என்று வகுப்பில் அடிக்கடி பெருமைப்படுவார். உண்மைதான். சரியான முடிவையும் அவர் அதே கண்ணியத்தோடு தவிர்த்திருந்தார்.

ஒருநாள் பாசனக் கொள்கை நடத்தினார். எனக்குச் சொந்த ஊர் சோழவந்தான். எழுந்து நின்று என் பெரியப்பா கதையைச் சொன்னேன். வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் கேட்டு ஊரே மனு போட்டது. மனு சென்னைக்குப் போய்க் கோப்பாகி, கோப்பு திரும்புவதற்குள் கொடி காய்ந்து, பெரியப்பா கப்பலூரில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேனாகிவிட்டார்.

"அதுல 'பேசவும்' எழுதினது யாரு சார்?" என்று கேட்டேன்.

வகுப்பு சிரித்தது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மணி அடிக்கும்வரை துடைத்தார்.

பழிதீர்க்க அவருக்குச் சீக்கிரமே வாய்ப்பு வந்தது. நான் இன்ஜினியரிங் முடித்துவிட்டு இந்தப் படிப்புக்கு வந்தவள். கப்பலூர் ரப்பர் கம்பெனியில் காலை ஷிப்டில் தரம் சோதித்துவிட்டு பஸ் பிடித்து வருவதற்குள் முதல் இரண்டு பீரியடும் போய்விடும். வருகைப் பதிவு குறைந்தது. இறுதித் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கையில், 'இவரைத் தேர்வெழுத அனுமதிக்க இயலாது' என்று அலுவலகம் எழுதிய கோப்பு சார் மேசைக்குப் போனது. அவர் கையெழுத்துப் போட்டால் எனக்கு ஒரு வருடம் வீண்.

மறுநாள் கோப்பு வெளியே வந்தது. பச்சை மையில், 'மாணவி பேசவும்.'

சொல்ல வேண்டிய ஏழு காரணங்களை வரிசைப்படி எழுதிக்கொண்டு போனேன். திங்களன்று சார் கூட்டத்தில் இருந்தார். செவ்வாயன்று நூலகத்தில். புதனன்று என்னைப் பார்த்ததும் மாடிப்படியில் திரும்பி ஏறினார். அறுபதைத் தாண்டியவர் இரண்டிரண்டு படியாகத் தாவியதை அன்றுதான் பார்த்தேன். என் வாழ்க்கையையும் கொடிக்கால் மாதிரி காயப்போடுகிறார் என்று ஜோசப் அண்ணனிடம் போய் அழுதேன்.

அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, இம்புட்டுப் படிச்சும் இது தெரியலயா? கோப்புல முடிவு எழுதுனாத்தான் ஒன் ஹால் டிக்கெட்ட நிறுத்த முடியும். நீ பேசிட்டா அவரு முடிவு எழுதணும். எழுதுனா ரூல்படிதான் எழுதணும். அதான் மனுசன் ஒன்னயக் கண்டா ஓடுறாரு. பேசாம வீட்டுக்குப் போய்ப் படி."

ஹால் டிக்கெட் வந்தது. தேர்வு எழுதித் தேறினேன்.

இப்போது ஊருக்கு வரும்போதெல்லாம் சாரை அவர் வீட்டில் போய்ப் பார்க்கிறேன். ஓடுவதில்லை. முதல் கேள்வி எப்போதும் பெரியப்பாவைப் பற்றித்தான். பிறகு மழை, வெற்றிலை விலை, கேன்டீன் பஜ்ஜி என்று பொழுது போகும். என் கோப்பு இன்னும் முடிவாகாமல் துறை அலமாரியில் கிடக்கிறது. அதைப் பற்றி மட்டும் நான் வாயே திறப்பதில்லை. பேசிவிட்டால் முடித்துவிட வேண்டுமே.