எலிஷாவின் கையெழுத்தும் சிப்பிக்காரன் கழுத்தும்

பிலடெல்பியா,
அக்டோபர், 1776

மரியாதைக்குரிய தம்பி ஒபதியாவுக்கு, ஆண்டவர் கிருபையால் இன்னும் கண்ணாடி போடாமல் எழுதுகிற அக்காள் டார்கஸ் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் நலம். லங்காஸ்டரில் நீயும் உன் மனைவியும் உன் மாடுகளும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். நிற்க.

நான் அஞ்சு வருஷம் படித்தவள், சர்க்காருக்கு எழுதத் தெரியாது. உனக்குப் பெரிய மனிதர்கள் பழக்கம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ராஜாவோடு சண்டை வந்ததிலிருந்து கையில் வெள்ளி இல்லை, படைக்குப் போன பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுக்க நம் சர்க்கார் காகிதத்தில் பணம் அச்சடிக்கிறது என்பது உனக்குத் தெரியும். அச்சுக்கூடத்திலிருந்து வரும்போது அது வெறும் காகிதம்தான், ரொட்டி சுற்றக்கூட உதவாது. நாணயமான இரண்டு பேர் தங்கள் கையால் கையெழுத்துப் போட்ட பிறகே பணம். அப்படி நாணயமானவன் என்று இந்த ஊரில் தேடி, ஆணிக்கடை வைத்திருக்கும் என் பேரன் எலிஷாவைப் பிடித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாஸ்டனில் நிற்கிற சிப்பாயின் பையில்கூட என் பேரன் பெயர்! கறிக்கடையில் மீதி கொடுத்தால் திருப்பிப் பார்ப்பேன், வேறு எவன் பெயராவது இருந்தால் "இது வேணாம்பா, எங்க எலிஷா போட்டதா ஒண்ணு குடு" என்பேன். கறிக்கடை சாமுவேல், "பாட்டிம்மா, ரெண்டுக்கும் ஒரே ஆட்டுக்காலுதான் வரும்" என்பான். வரட்டுமே, எனக்கென்ன?

ஆனால் கை என்ன இரும்பா? விடிந்ததும் கட்டுக்கட்டாகக் காகிதம் வரும். முதல் வாரம் அவன் கையெழுத்து எவ்வளவு அழகு தெரியுமா, கடைசி எழுத்துக்கு அன்னத்தின் வால் மாதிரி ஒரு சுழி. அடுத்த வாரம் வால் போனது. அப்புறம் அன்னமும் போனது. மணிக்கட்டு வீங்கி, கரண்டி பிடிக்க முடியாமல் கஞ்சியை நான் ஊட்டினேன். தூக்கத்தில் போர்வை மேலே விரலால் கையெழுத்துப் போடுகிறான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் போதகர் கை கொடுத்தால், அவர் உள்ளங்கையிலும் போட்டுவிட்டான். "போதும்டா, விட்டுடு" என்றேன். "நான் விட்டா சிப்பாய்க்குச் சம்பளம் யார் குடுப்பா பாட்டி?" என்கிறான்.

இந்தச் சமயத்தில்தான் காஸ்பர் வென்ஸைப் பிடித்தார்கள். துறைமுகத்தில் தள்ளுவண்டியில் சிப்பி விற்கிற ஜெர்மன்காரன், நாலு பிள்ளைகள், ஒரு வரி வாசிக்கத் தெரியாது. எவனோ சிப்பி தின்றுவிட்டு ஒரு நோட்டு கொடுத்திருக்கிறான், இவன் அதைக் கொண்டுபோய் மாவு வாங்கியிருக்கிறான், மாவுக்காரர் விளக்கில் பார்த்துவிட்டுக் கள்ளநோட்டு என்று கத்தியிருக்கிறார். கள்ளநோட்டு அடித்தால் மரணம் என்று நோட்டிலேயே அச்சடித்திருக்கிறதே, அதைக்கூட அவனால் வாசிக்க முடியாது. யார் கொடுத்தது என்று கேட்டால், "பசியா இருந்தான், தொப்பி போட்டிருந்தான்" என்கிறான். இந்த ஊரில் யார் தொப்பி போடவில்லை?

நோட்டில் இருந்தது எலிஷாவின் பெயர், கூடக் கையெழுத்துப் போடுகிறவர் படையோடு போய்விட்டார். அவன் ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனுஷனுக்குக் கயிறு, இன்னொரு வார்த்தை சொன்னால் வீடு. கோர்ட்டில் நானும் போய் உட்கார்ந்தேன். சிறைக்குள்ளே இருந்து வந்தவன்மேல் இன்னும் சிப்பி வாடை. நீதிபதி நோட்டை நீட்டி, "எலிஷா ஹார்ன்பை, இது உம்ம கையெழுத்துதானா?" என்றார். எலிஷா ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், பேசவே இல்லை.

"தன் கையெழுத்து தனக்கே தெரியலையா?" என்றார் மாவுக்காரர்.

பின்னாலிருந்து சாமுவேல், "பாட்டிம்மா, நாளைக்குப் பொண்டாட்டி வந்தா அவளையாவது அடையாளம் கண்டுபிடிப்பாரா?" என்றான். கோர்ட்டே சிரித்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

நீதிபதி கோபமாக, "சரி, இங்கேயே பத்துத் தடவை போடும், பார்ப்போம்" என்று காகிதம் கொடுத்தார். போட்டான், தம்பி. கை நடுங்க நடுங்கப் போட்டான். ஒன்று கொக்கி, ஒன்று மண்புழு, ஒன்று குடிகாரன் நடந்த தடம். பத்தும் பத்து மனிதர் போட்டது போல இருந்தது. ஏழாவதோ எட்டாவதோ அந்த நோட்டில் இருந்ததைப் போலவே! நீதிபதி தலையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கையை நம்பி ஒருத்தனைத் தூக்கில போட முடியாது. நோட்டு நல்ல நோட்டு, போகச் சொல்லும்" என்றார். வென்ஸ் அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

அவன் பிழைத்தான், எங்கள் பேர் போனது. மறுநாளே எலிஷாவைக் கையெழுத்து வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஊரே வாசலில் நின்று, "இது நீ போட்டதா, அது நீ போட்டதா?" என்று நோட்டை நீட்டுகிறது. ஒரு பேரை நம்பித்தானே காகிதத்தைப் பணமென்று வாங்குகிறோம்? அந்தப் பேரே ஆட்டம் கண்டால்? சர்க்காருக்காகத் தேய்ந்த கை, அதற்கு ஒரு நன்றி வேண்டாமா? ஆகவே நீ உனக்குத் தெரிந்த பெரிய மனிதருக்கு உடனே எழுது: டார்கஸ் ஹார்ன்பையின் பேரன் கை சர்க்கார் வேலையில் கெட்டது, அவனை மறுபடி எடுத்துக்கொண்டு மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு நெற்றியில் ஒவ்வொரு முத்தம். கர்த்தர் உன் களஞ்சியத்தை நிரப்பட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காள்
டார்கஸ்

பின்குறிப்பு: யாருக்கும் எழுதாதே. கடிதத்தை மடிக்கும்போது எலிஷா வந்து எட்டிப் பார்த்துவிட்டான். கை வீங்கினது நிஜம், கஞ்சி ஊட்டினதும் நிஜம். கோர்ட்டில் நடுங்கினதுதான் நிஜமில்லை. "பாட்டி, அது என் கையெழுத்தே இல்லே. பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு" என்கிறான். "அட பாவி, கோர்ட்டிலே பொய் சொன்னியா?" என்றேன். "நான் வாயே தொறக்கலையே, கையெழுத்துத்தானே போட்டேன். அடிச்சவன் எவன்னு ஒருத்தரும் தேடலே பாட்டி, கையிலே கிடைச்சவனைத் தூக்கில போடப் பாத்தாங்க" என்றான். நான் எழுந்துபோய் அவன் கிண்ணத்தில் இன்னும் ஒரு கரண்டி கஞ்சி ஊற்றிவிட்டு வந்தேன். அந்த நோட்டு இப்போது ஊருக்குள் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. நீதிபதி வாயாலேயே நல்லது என்று சொன்ன நோட்டு இந்தத் தேசத்தில் அது ஒன்றுதான். உன்னிடம் வந்தால் தாராளமாக வாங்கிக்கொள்.