ஆடாத ஆட்டக்காரர்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே எந்த இடவழியில் திரும்பினாலும் ஒரு வீட்டிலாவது தட்டுப்படுகிற ஓர் இனம் உண்டு. ஆடாத ஆட்டக்காரர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் கேம்தான் இவருக்கு உயிர். முதுகு வலிக்காத நாற்காலி வைத்திருப்பார், காதுக்குச் சிரட்டை கவிழ்த்ததுபோல ஹெட்போன் மாட்டியிருப்பார், எந்த கேமைப் பற்றி வாய் திறந்தாலும் நம்மைச் சாப்பிடப் போகவிடாமல் பேசுவார். ஆனால் ஆடமாட்டார். ஆட அவருக்கு எங்கே நேரம்?

நேரமெல்லாம் மோட் அடுக்குவதில் போய்விடுகிறது. மோட் என்றால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கேமில் ஒட்டிக்கொள்ளச் சொல்லி, ஊர்பேர் தெரியாத யாரோ செய்து இணையத்தில் சும்மா போட்டிருக்கும் ஒட்டுவேலை. இருக்கிற மழை போதாது என்று ஒருவர் மழை செய்வார், ரோட்டில் மாடு இல்லையே என்று இன்னொருவர் மாடு செய்வார். இதையெல்லாம் இறக்கி வரிசையாக ஏற்றிவைக்க மோட் மேனேஜர் என்று ஒரு மென்பொருள். எதற்குப் பின்னால் எது ஏறுகிறது என்பதற்கு லோட் ஆர்டர் என்று பெயர். ஒரே சாமானை இரண்டு மோட் தொட்டால் பின்னால் ஏறியதுதான் ஜெயிக்கும். சட்டைக்கு மேலே பனியன் போட்டால் தெருவில் பனியன்தானே தெரியும்? அவ்வளவுதான் விஷயம். இந்த அவ்வளவுக்குள்ளே ஒரு குடும்பஸ்தர் அடியோடு காணாமல் போக முடியும்.

எங்கள் அடுத்த வீட்டு ராபின்சன் அப்படிப் போனவர்தான். உதியன்குளங்கரையில் வீடு, நெய்யாற்றின்கரையில் ஒரு டைல்ஸ் கடையில் கணக்கு வேலை. தங்கமான மனிதர், சபைக் கூட்டத்தில்கூடக் குரலை உயர்த்தாதவர். அவர் வாங்கியது வண்டி ஓட்டும் கேம். வெள்ளைக்காரன் ஊர் ரோட்டில் பஸ்ஸும் காரும் ஓட்டலாம். அதில் நம்ம ஊரையே கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆசைப்படட்டும், யாருக்கு என்ன நஷ்டம்? முதலில் சிவப்பு பஸ் ஏற்றினார், பிறகு தென்னை, பிறகு மழை, பிறகு மாடு, பிறகு பயணிகளுக்கு வேட்டி கட்டிவிடும் மோட், அதற்கும் பிறகு குழியில்லாத ரோட்டில் ஓட்டுவதில் என்ன ருசி என்று குழி மோட், குழி சரியாக விழ வேண்டுமே என்று அதற்கொரு ரோடு மோட். கேமைத் திறந்தார். ரோடு காணாமல் போயிருந்தது. குழிகள் மட்டும் அப்படியே நின்றன. பஸ் 'அம்மா' என்று கத்தியது, மாடு ஹாரன் அடித்தது. வேட்டி மோட் மாட்டுக்குப் பின்னால் ஏறிவிட்டதால் மாடு வேட்டியும் கட்டியிருந்தது.

நீங்களும் நானும் என்றால் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு வேறு வேலை பார்ப்போம். இந்த இனம் சிரிக்காது. கோளாறு எந்த மோடில் என்று கண்டுபிடிக்கப் பாதியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்கும், மிச்சத்தில் பாதியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கும், அப்படியும் பிடிபடாவிட்டால் இணையத்தில் போய்த் தேடும். அங்கே இதே கஷ்டத்தை அனுபவித்த ஒரு புண்ணியவான் பக்கம் பக்கமாகப் புலம்பியிருப்பார். அடியில் அவரே 'சரியாயிட்டு, நன்றி' என்று எழுதியிருப்பார். எப்படிச் சரியானது? அதை மட்டும் எழுதியிருக்க மாட்டார்.

இந்த வியாதி வீட்டோடு நிற்பதுமில்லை. போன மாதம் ஒரு கல்யாணத்தில் ராபின்சனுக்குப் பக்கத்து இலையில் நான் இருந்தேன். அவசரத்தில் பாயசத்தை, மோர்க்குழம்பு மாதிரி இருக்கிற புளிசேரிக்கு முன்னால் ஊற்றிவிட்டார்கள். ராபின்சன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தியளா, புளிசேரி மேல ஏறிட்டு. இனி பாயசம் எடுக்காது" என்றார் துக்கத்தோடு. பாயசம் எடுத்தது. நான் குடித்துப் பார்த்தேன்.

இதுவரைக்கும் தமாஷ்தான். இதற்கு நடுவில் அவர் மனைவி ஜினிக்கு ஒரு வேலை கிடைத்தது.

கோட்டுகாலில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. ரெண்டு பஸ் மாறிப் போக வேண்டும், ஒரு பஸ் மற்ற பஸ்ஸின் முகத்தில் விழிப்பதே கிடையாது. நேரத்துக்கு வர முடியாது என்றால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சென்டரில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் ராபின்சனின் அண்ணன் விட்டுப்போன பழைய கார் ஒன்று தார்ப்பாய்க்குள் கிடந்தது. லைசென்ஸ்தான் இல்லை. டிரைவிங் டெஸ்டில், நட்டு வைத்த கம்பிகளுக்கு நடுவே எச் எழுத்து மாதிரி முன்னும் பின்னும் ஓட்டிக் காட்ட வேண்டுமல்லவா? பின்னால் வரும்போது ஒரு கம்பியைச் சாய்த்து, ஜினி ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தாள். மறுபடி தோற்றால் வேலை போய்விடும்.

அப்போதுதான் ராபின்சன் நெஞ்சை நிமிர்த்தினார். "நெசக் கார்ல பழகி உரசினா பெயிண்டு போச்சு. கேம்ல உரசினா ரீஸ்டார்ட் ஆக்கும்!" ஜினிக்காக என்று சொல்லி ஸ்டியரிங்கும் பெடலும் வாங்கினார். எச் கிரவுண்டு ஒன்றை யாரோ மோடாகச் செய்து போட்டிருந்தார்கள், அதையும் இறக்கினார். அவளுக்கும் சந்தோஷம்தான். தினமும் வேலையெல்லாம் முடித்துக் கை துடைத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நிற்பாள்.

"இன்னைக்காவது ஓட்டிப் பாக்கட்டா?"

"ஒரு நிமிஷம் பிள்ளே. கிரவுண்டுல தண்ணி நிக்குது."

"மழையா?"

"இல்ல, குளம் மோடு மேல ஏறிட்டு. கம்பி எல்லாம் குளத்துக்குள்ளயாக்கும்."

"அப்போ குளத்த எடுத்துப் போடுங்க."

"குளத்த எடுத்தா தென்னை எல்லாம் ஊதா ஆயிருமே."

"ஊதாவா நிக்கட்டு. நான் தென்னையில ஏறவா போறேன்?"

இந்தக் கேள்வியின் ஆழம் ராபின்சனுக்குப் புரியவில்லை. "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றார். இந்த இனத்தின் ஜெபமே அதுதான். மேனேஜரில் ஏதோ ஒன்றைப் பிடித்து மேலே இழுப்பார், ஏதோ ஒன்றைக் கீழே தள்ளுவார், கேம் பாதியில் செத்து விழும், "ஓ" என்பார், மறுபடி இழுப்பார். ஜினி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்விடுவாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த ஸ்டியரிங்கைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டால் என்ன என்று வந்தது.

ஜினி என்னைவிடப் புத்திசாலி. ஒருநாள் பேசாமல் மதிலுக்கு அந்தப் பக்கம் போனாள். அங்கே கேக் செய்து காரில் கொண்டுபோய் விற்கிற விலாசினி இருக்கிறாள். தோட்டத்தில் மரச்சீனிக் கிழங்குச் செடியின் கம்புகளை ஒடித்து எச் மாதிரி நட்டார்கள். பிறகு அந்தப் பக்கமிருந்து, "கிளட்ச விடாத பிள்ளே! மெள்ள! ஏட்டி, கம்பு!" என்று தினமும் சத்தம் கேட்கும். கூடவே மளுக்கென்று ஒரு சத்தமும் கேட்கும். ராபின்சனுக்குக் கேட்காது. அவர் காதில் ஹெட்போன்.

டெஸ்ட் நாள் வந்தது. கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ராபின்சன் லீவு போட்டிருந்தார். காலையில் ஜினி புடவை கட்டி வந்து நின்றபோது, "நீ இறங்கு, நான் இந்தா வாறேன். ஒரே ஒரு மோடு மாத்தினா போதும்" என்றார். அவள் கொஞ்சம் பார்த்தாள். பிறகு விலாசினியின் காரில் ஏறிப் போய்விட்டாள்.

வெயில் ஏறியபோது நான் ஏணி கேட்டு அவர் வீட்டுக்குப் போனேன். நான் வாசல் ஏறவும் உள்ளே ஓர் அலறல். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று ஓடினேன். ராபின்சன் நாற்காலியில் எழுந்து நின்றுகொண்டிருந்தார். திரையில் எல்லாம் சரி! தென்னை பச்சை, ரோடு தரையில், மாடு வேட்டியில்லாமல். அப்போதே ஜினிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"பிள்ளே, எல்லாம் சரியாயிட்டு! கம்பி கரையில நிக்குது! வேகம் வா, ஓட்டிப் பாக்கலாம்!"

"நான் ஓட்டியாச்சு. பாஸாயிட்டேன். இன்ஸ்பெக்டரே மெச்சி 'கொள்ளாம் கேட்டோ'ன்னு சொன்னாரு."

ராபின்சன் மெல்ல உட்கார்ந்தார்.

"கம்பியில முட்டல்லியா?"

"முட்டல்ல."

"எந்த ஆர்டர்ல செஞ்ச?"

"முதல்ல ஏறி இருந்தேன்" என்றாள் ஜினி. "பெறவு ஓட்டினேன்."

இப்போது தினமும் காலையில் தார்ப்பாயை உருவி எறிந்துவிட்டு, அவளே கோட்டுகாலுக்குக் காரில் போய்வருகிறாள். ராபின்சன் மனம் உடைந்திருப்பார் என்று நினைத்து ஆறுதல் சொல்லப் போனேன். கேம் தானாகவே புது வெர்ஷனுக்கு மாறி, அடுக்கியதெல்லாம் கலைந்துபோய், மறுபடியும் பஸ் 'அம்மா' என்று கத்திக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் வருத்தத்தைத் தேடினேன். கல்யாணக் களை இருந்தது.

நீங்கள் கேம் பக்கமே போகாதவர், அதனால் தப்பித்தீர்கள் என்றுதானே சிரிக்கிறீர்கள்? சிரியுங்கள். பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, எந்தக் கடற்கரை, எந்த வழி, எங்கே சாப்பாடு என்று போன வருஷத்திலிருந்து போனில் பார்த்துக்கொண்டே இருப்பவர் வேறு யாரோதான். வீட்டாரோடு ஒரு படம் பார்க்க உட்கார்ந்து, எந்தப் படம் என்று தேடியே எல்லாரையும் தூங்கவைப்பவரும் வேறு யாரோதான். எதற்கும் ஒருமுறை தலையைத் திருப்பிப் பாருங்கள். 'இன்னும் ஒண்ணே ஒண்ணு' என்று நீங்கள் சொன்னதை நம்பி யாராவது பின்னால் நிற்கிறார்களா? நின்றால் உடனே எழுந்திருங்கள். யாருமே இல்லையா? அப்படியானால் அவர்கள் லைசென்ஸ் எடுத்துவிட்டார்கள்.