வோல்ட்டுக்காரர் கை வைத்தால்

நன்றாக ஓடுகிற கணினியைக் கண்டால் கை அரிக்கிற இனம் ஒன்று உண்டு. அதில் முதல் தரமான உருப்படி ஒன்றைக் காட்டுகிறேன், வாருங்கள். தெருவில் அவருக்குப் பெயர் வோல்ட்டுக்காரர்.

கணினியின் மெமரிக்கு 1.35 வோல்ட் போதும் என்று அதைச் செய்தவன் அச்சடித்தே கொடுத்திருக்கிறான். செய்தவனுக்கு என்ன தெரியும்? இவர் வேகம் வேண்டுமென்று 1.40 ஆக்குவார், சூடாகிறதென்று 1.39க்கு இறக்குவார், வீட்டிலிருக்கும் ஒரே மேசை விசிறியை மனைவி பக்கமிருந்து கணினிப் பக்கம் திருப்புவார், எட்டு மணி நேரச் சோதனையை ஓடவிட்டு, யாரும் மௌஸைத் தொடாதபடி பக்கத்திலேயே காவல் உட்காருவார். பிழையில்லை என்று வந்துவிட்டால் முகத்தில் அப்படியொரு பூரிப்பு! கிடைத்த வேகத்தை வைத்து என்ன செய்கிறார்? அடுத்த சோதனை நடத்துகிறார்.

அவர் மனைவி பள்ளி ஆசிரியை. தலைமையாசிரியை வேலைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு இணையதளத்தை மூடிவிடுவார்கள். பதினொரு வருஷமாக அவள் காத்திருந்த வேலை.

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அதுல கைய வைக்காதீங்க," என்றாள் காலையிலேயே.

"நான் ஏன் வைக்கப் போறேன்? டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சு. பாறை மாதிரி நிக்குது!"

சத்தியமாக வைக்கக்கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் பள்ளி விட்டு வந்தவள் முகம் கழுவப் போன ஐந்து நிமிடத்தில் மனசு கேட்கவில்லை. பாறைதானே, 0.05 வோல்ட் குறைத்தால் என்ன ஆகிவிடும்? குறைத்தார். விண்ணப்பத்தின் ஆறாவது பக்கத்தில் திரை நீலமாகிக் கணினி படுத்துவிட்டது. மணி நாலரை.

அவள் சான்றிதழ்கள் இருந்த பென்டிரைவை உருவிக்கொண்டு எதிர்வீட்டுத் தையற்காரரிடம் ஓடினாள். பின்னாலேயே இவரும் ஓடினார்.

துணிக் குவியலுக்கு அடியில் கிடந்தது அந்தக் கிழட்டுக் கணினி. வாங்கிய நாளிலிருந்து அதன் மூடியைக்கூட யாரும் கழற்றியதில்லை. முனகியது, திணறியது, நிற்காமல் ஓடியது. நாலு ஐம்பத்தேழுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அவள் அப்படியே மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

வோல்ட்டுக்காரர் கூனிக் குறுகிப் போனார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார்.

"அண்ணே, இதுல மெமரி எத்தனை வோல்ட்டுல ஓடுதுன்னு என்னிக்காவது பாத்திருக்கீங்களா?"

தையற்காரர் கத்தரிக்கோலோடு எழுந்து வந்து, கணினிக்கும் இவருக்கும் நடுவே நின்றுகொண்டார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்க உட்காருமுன், சரியாகவே இருந்த விளக்கை மூன்று தடவை நகர்த்தி வைத்தீர்களே, அது எதற்கு?