தந்தி சொன்னது பொய், அத்தான்

வெள்ளவத்தை,
15.07.1992

பெருமதிப்புக்குரிய அத்தானுக்கு,

நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் கனடாக் குளிரில் சுகமாயிருக்கக் கதிர்காமக் கந்தனை வேண்டுகிறேன். நானும் சுகமே. இதை அழுத்தி எழுதக் காரணம், நான் இறந்துவிட்டதாக அயல்வீட்டு மக்கீன் நேற்று உங்களுக்கு அடித்த தந்தி. அதை நம்பி அக்காவை அழவிட வேண்டாம்.

எல்லாம் நீங்கள் என்னிடம் விட்டுப்போன காரால் வந்தது. 'கியர் விழச் சுணங்குதாம். பராமரிக்கத் தெரியாவிட்டால் என் தம்பி குகநேசனிடம் கொடுத்துவிடும்' என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். உங்கள் கலியாணப் படத்தில் குகநேசன் நடுவில் நிற்க, நான் தூணுக்குப் பின்னால் நிற்பதைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்ல வரவில்லை. காரை இழக்க மனமில்லாமல், அதன் ஓட்டோ கியர் எண்ணெயை நானே வீட்டு வாசலில் மாற்றுவதென்று தீர்மானித்தேன்.

இந்தக் காலத்தில் கொழும்பில் ஒரு தமிழன் காருக்குக் கீழே படுப்பது லேசான காரியமா? முதல் நாள் ரோந்து வந்த ஆமிக்காரர் இருவர் என் காலைப் பிடித்து வெளியே இழுத்து, 'மொகத கரன்னே', என்ன செய்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டு, அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார்கள். அட்டை சட்டைப் பையில், சட்டை பின்வளவுக் கொடியில். என் மனைவி பாலேஸ்வரி அதை எடுத்து வரும்வரை இரண்டு துவக்குகளுக்கு நடுவே கையை உயர்த்தி நின்றேன். ஆகவே மறுநாள் அவளே அட்டையை நூலில் கோத்து என் கால் பெருவிரலில் கட்டிவிட்டுச் சந்தைக்குப் போனாள். வருகிறவர்கள் குனிந்து வாசித்துவிட்டுப் போகலாம்.

கியர்ப்பெட்டியில் எண்ணெய் வடிக்க ஒரு துளை இருக்குமென்று நினைத்தேன். உங்கள் கார் அல்லவா, இல்லை. அடித்தட்டின் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற, தட்டு சரிந்து எண்ணெய் முழுக்க என் முகத்தில் இறங்கியது. என்ஜின் எண்ணெய் கறுப்பு. இது செக்கச் சிவப்பு. கண்ணையும் வாயையும் இறுக்கி மூடி, தட்டு மூக்கில் விழாமல் இரு கையாலும் தாங்கியபடி கிடந்தேன். எண்ணெய் வாசலைத் தாண்டி எங்கள் குறுகிய ஒழுங்கை வழியே ஓடியது.

மேல்வீட்டு றோஸி வந்து பார்த்தபோது அசையாத இரண்டு கால், சவச்சாலையில் கட்டுவது போல விரலில் அட்டை, ஓடுகிற சிவப்பு. அவள் போட்ட கூச்சலில் ஒழுங்கையே கூடியது. வாயைத் திறந்தால் எண்ணெய் உள்ளே போகுமென்று முதலில் பேசாதிருந்தேன். பிறகு பேசாதிருந்ததற்குக் காரணம் வேறு. தண்ணீர்த் தொட்டிச் சண்டையில் என்னைப் பிசாசு என்ற அதே றோஸி, "தங்கமான மனுசன், அதிர்ந்து ஒரு வார்த்தை கதைச்சதில்லை" என்று அழுதாள். மக்கீன், "இவர மாதிரி படிச்ச ஆள் இந்த லேன்லயே இல்ல" என்றார். என் திணைக்களத்தில் எவனும் என்னை இப்படிச் சொன்னதில்லை, அத்தான். இன்னும் கொஞ்சம் கிடப்போமே என்று கிடந்தேன். சிரிப்பை அடக்கியதில் கால் நடுங்க, அதைக் கடைசித் துடிப்பு என்றார்கள். மக்கீன் தந்தியடிக்க ஓடியது அப்போதுதான்.

அந்த நேரம் உங்கள் தம்பி வந்து சேர்ந்தார். குரலில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "அண்ணாவின்ரை கார் இனி இங்கை நிண்டு என்ன செய்ய? திறப்பு எங்கை?" என்று சாவியைக் கேட்டார்.

"திறப்பைத் தொட்டா கையை முறிப்பன்" என்றேன், காருக்குக் கீழேயிருந்து.

ஒழுங்கை வெறிச்சோடியது. உங்கள் தம்பி ஓடிய வேகத்தில் ஒரு செருப்பு இங்கேயே கிடக்கிறது. சந்தையால் வந்த பாலேஸ்வரி மட்டும் குனிந்து பார்த்து, "இன்னும் முடியேல்லையே?" என்று கேட்டுவிட்டு மீனை வெட்டப் போனாள்.

புது எண்ணெய் ஊற்றிப் பம்பலப்பிட்டி வரை ஓடிப் பார்த்தேன். கியர் விழுவதே தெரியவில்லை. ஆகவே காரை என்னிடமே விட்டுவைக்கும்படி தாழ்மையுடன் கேட்கிறேன். அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
உயிருடனிருக்கும் உங்கள் மைத்துனன்,
குலவீரசிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போன நேரம் உங்கள் தந்தி வந்தது. என் நினைவாகக் காரைப் பாலேஸ்வரிக்கே எழுதிக் கொடுப்பதாக அடித்திருக்கிறீர்கள். ஆகவே மேலே உள்ளதெல்லாம் பொய். நான் காலமாகிவிட்டேன். பொரளையில் தகனம் நல்லபடியாக முடிந்தது. உங்கள் தம்பிதான் அழவேயில்லை.